ஆறு வயதுச் சிறுமிக்கு வந்த பாலுண்ணி: முதல் முத்திலிருந்து கடைசித் தடம் வரை

பாலுண்ணி உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. தானாகவே போய்விடும். அப்படியிருந்தும் இந்த ஒரு குழந்தையின் கதையை முழுதாக எழுதி வைக்கிறேன். நோய் கொடுத்த தொல்லையைவிட, அதைச் சீக்கிரம் விரட்டியாக வேண்டும் என்ற அவசரம் கொடுத்த தொல்லைதான் இதில் அதிகம். இதே போலப் பல வீடுகளில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருவையும் சிலர் பாலுண்ணி என்பார்கள். இங்கே நான் சொல்வது டாக்டர்கள் மொலஸ்கம் கண்டேஜியோசம் என்று எழுதுவதை. மரு வேறு வைரஸ், இது வேறு வைரஸ்.

பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு நடுத்தரமான ஊர். நான் தோல் நிபுணர் இல்லை, பொது மருத்துவர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சர்க்கரை, பிரஷர் என்று எல்லாமும் வரும் கிளினிக். குழந்தைக்கு ஆறு வயது, மூன்று வயதில் ஒரு தம்பி. அப்பாவுக்குத் தறிப் பட்டறையில் வேலை, அம்மா பனியன் கம்பெனியில் தையல். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா.

குழந்தைக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வறண்ட தோல். முதலில் கன்னத்தில், அப்புறம் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புள்ள தோல் அழற்சி) வந்து வந்து போகும். வீட்டுக்கு போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். குளித்துவிட்டு வந்தால் தோல் வெள்ளை பூத்த மாதிரி இருக்கும் என்று அம்மா சொன்னார். இந்தக் கரப்பான் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இதுதான் முக்கியமாக இருந்தது.

ஏப்ரல் விடுமுறையில் நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மே மாதம் நடுவில், வலது விலாப் பக்கம் மூன்று நாலு சின்ன முத்துகள். முதலில் வேர்க்குரு என்று நினைத்து பவுடர் போட்டிருக்கிறார்கள். குறையவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று அம்மாயிக்குத் தோன்றி, வாசலில் வேப்பிலை கட்டி, ஒரு வாரம் குழந்தையை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார். காய்ச்சல் இல்லை, நீர்க்கொப்புளம் இல்லை, காய்ந்து உதிரவும் இல்லை. அம்மை என்றால் இதற்குள் அடங்கியிருக்க வேண்டுமே என்று அவரே வேப்பிலையைக் கழற்றிவிட்டார். ஒரு நோயை நாள் கணக்கு வைத்துப் பார்த்து இது அதுவல்ல என்று முடிவுக்கு வந்த அம்மாயியின் கவனத்தை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பிரச்சினை. மெடிக்கல் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். படர்தாமரைக்கும் அரிப்புக்கும் எல்லோரும் வாங்கும் கலவைக் கிரீம் வகைதான் அது. அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டும் இருக்கிறது. சுமார் இரண்டு வாரம் போட்டதில் அரிப்பு நன்றாக அடங்கியிருக்கிறது, அதனால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பியிருக்கிறார்கள். ஆனால் முத்துகள் விலாவிலிருந்து அக்குள், வயிறு, தொடை என்று பரவிவிட்டன.

ஜூனில் பள்ளி திறந்தது. முதல் வாரத்திலேயே வகுப்பு ஆசிரியை கையில் இருந்த முத்துகளைப் பார்த்துவிட்டு, டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் என்னிடம் வந்தார்கள்.

பார்த்தபோது தெரிந்தவை

முப்பதுக்கு மேல் முத்துகள். ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவிலிருந்து மிளகு அளவு வரை. தோல் நிறத்திலோ கொஞ்சம் வெளுத்தோ, பளபளப்பாக, உருண்டையாக, பெரியவற்றின் நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. இந்தக் குழிதான் இந்த நோயின் கையெழுத்து. எல்லா முத்திலும் தெரியாது, சின்னவற்றில் தெரியவே தெரியாது. அதனால் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு சாதாரண லென்ஸில் பார்த்தால் குழியும் உள்ளே இருக்கும் வெள்ளைக் கருவும் தெரியும். இரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை.

வயிற்றில் ஒரு இடத்தில் ஏழெட்டு முத்துகள் கோடு போட்டது போல வரிசையாக இருந்தன. சொறிந்த நகம் போன பாதை அது. முழங்கை மடிப்பில் முத்துகளைச் சுற்றித் தோல் சிவந்து, தடித்து, செதிலாக இருந்தது. இது முத்துகளைச் சுற்றி வரும் கரப்பான், மொலஸ்கம் இருக்கும் குழந்தைகளில் அடிக்கடி பார்க்கலாம், ஏற்கெனவே வறண்ட தோல் என்றால் இன்னும் அதிகம். இடது கண்ணின் கீழ் இமைக்குச் சற்றுக் கீழே ஒரு முத்து. கண் சிவக்கவில்லை. காய்ச்சல் இல்லை, எடை சரி, அடிக்கடி சளி பிடிப்பது, காதில் சீழ் வருவது போன்ற பழைய தொந்தரவு எதுவும் இல்லை. முத்துகள் சாதாரண அளவிலேயே இருந்தன. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாகவோ, முகம் முழுக்கவோ வந்திருந்தால், நோய் எதிர்ப்பு சக்தியில் ஏதாவது குறை இருக்கிறதா என்று தேடியிருப்பேன். பெரியவர்களுக்கு முகத்தில் நிறைய வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிப் பேச வேண்டியிருக்கும். இந்தக் குழந்தைக்கு அதற்கெல்லாம் அவசியம் இருக்கவில்லை.

வீட்டில் எப்படிக் குளிக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இரண்டு பிள்ளைகளையும் அம்மாயிதான் குளிப்பாட்டுகிறார், ஒரே பீர்க்கங்காய் நாரில் தேய்த்து, ஒரே துண்டில் துவட்டி. முத்துகளை நாரால் அழுத்தித் தேய்த்தால் உதிர்ந்துவிடும் என்று கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்திருக்கிறார். தம்பியின் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், அன்று அவன் உடம்பில் ஒன்றும் இல்லை.

இந்த வைரஸ் எப்படி நடந்துகொள்கிறது

முடிவுகள் புரிய வேண்டுமென்றால் இது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரியம்மை வைரஸ் சேர்ந்த அதே பாக்ஸ் குடும்பம்தான் இதற்கும். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள், மனிதர்களை மட்டுமே பிடிக்கும் பாக்ஸ் வைரஸ்களில் மிஞ்சியிருப்பது இது. உறவைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். பெரியம்மை உடம்பு முழுக்க உள்ளே போய்த் தாக்கும். இது தோலின் மேலடுக்கைத் தாண்டுவதே இல்லை, இரத்தத்தில் கலப்பதில்லை, உள்ளுறுப்புகளுக்குப் போவதில்லை. அக்கி வைரஸ் போல நரம்பில் ஒளிந்திருந்து பின்னால் எழுந்து வருவதும் இல்லை. கடைசி முத்து போய்விட்டால் வைரஸும் போய்விட்டது. மறுபடி யாரிடமிருந்தாவது தொற்றினால்தான் மறுபடி வரும்.

முத்துக்குள் இருக்கும் வெள்ளைக் கருவில்தான் வைரஸ் நிறைந்திருக்கிறது. தோலோடு தோல் உரசினால், துண்டு, நார், நீச்சலுக்குப் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை போன்றவற்றைப் பகிர்ந்தால் பரவும். சொறிந்தால் அதே உடம்பில் வேறு இடத்துக்குப் போகும். தொற்றியதிலிருந்து முத்து தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அதனால் நீச்சல் குளத்தில்தான் வந்தது என்று அம்மா உறுதியாகச் சொன்னதை நான் ஆமோதிக்கவில்லை. குளமாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம், பள்ளியாக இருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்லை, அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம்தான் மிச்சம்.

ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது? உடம்பின் காவல் கண்ணில் படாமல் இருக்க இந்த வைரஸ் தன் சொந்தப் புரதங்களைச் செய்துகொள்கிறது. ஆபத்து என்று செல்கள் அனுப்பும் செய்தியை அந்தப் புரதங்கள் வழியிலேயே மறித்துவிடும். இன்டர்லூக்கின்-18 என்ற செய்தியைப் பிடித்து முடக்குவது அதில் ஒன்று. அதனால்தான் மாதக்கணக்கில் முத்துகள் சிவக்காமல், வலிக்காமல், சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன. என்றைக்கு உடம்பு கண்டுபிடித்துவிடுகிறதோ அன்றைக்குச் சண்டை தொடங்கும், அப்போது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். இந்தக் குழந்தைக்கும் அந்த நாள் வந்தது, பின்னால் சொல்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துவிட முடியுமா?

முடியும் என்பதுதான் உண்மையான பதில். மரத்துப்போகும் கிரீமைத் தடவி ஒரு மணி நேரம் வைத்திருந்து, சின்னக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுக்கலாம். பெரியவர்களுக்கு இருந்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைக்கலாம், ஆனால் வலி அதிகம், நம் தோல் நிறத்துக்கு வெள்ளையாகவோ கறுப்பாகவோ தடம் விழும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை முத்தின் மேல் மட்டும் தொட்டு வைத்து உதிர வைப்பது நம் ஊர் தோல் மருத்துவர்களிடம் பரவலான முறை, கை தவறினால் சுற்றியுள்ள தோலும் புண்ணாகும். அமெரிக்காவில் கேந்தரிடின் கலந்த ஒரு மருந்துக்கு 2023இலும், பெர்டாசிமர் என்ற ஜெல்லுக்கு 2024இலும் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள். என் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் நிலையில் அவை இல்லை.

இன்னொரு பக்கம், ஒன்றும் செய்யாவிட்டாலும் இது போய்விடும். பிரிட்டனில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில் முழுதாகப் போக சராசரியாக 13 மாதம் ஆனது. பத்தில் மூன்று பேருக்கு ஒன்றரை வருஷம் தாண்டியும் இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இருந்த சிகிச்சைகளை எல்லாம் அலசிவிட்டு, எந்த ஒன்றும் தெளிவாக மேலானது என்று சொல்ல ஆதாரம் போதாது என்றே முடித்தது.

முப்பது முத்துகளைச் சுரண்டினால் முப்பது சின்னக் காயம். அடுத்த மாதம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவை முளைக்கும். மறுபடி சுரண்ட வேண்டும். ஆறு வயதுக் குழந்தை டாக்டர் என்றாலே அலறும் நிலைக்கு வந்துவிடும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் அந்தப் பயம் கூடவே வரும். தானே போகும் ஒன்றுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, இப்போதும் அதே கருத்துதான். அம்மாயிக்கு இது ஏற்கவில்லை. "இத்தனை இருக்குதுங்க, ஒண்ணுமே பண்ண வேண்டாம்னா எப்படிங்க டாக்டர்?" என்றார். நியாயமான கேள்வி. சும்மா இருங்கள் என்று சொல்லி அனுப்பினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், அடுத்த கடையில் அடுத்த டியூப் வாங்குவார்கள். அதனால் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகக் கையில் கொடுத்தோம்.

முதலில் அந்தக் கலவைக் கிரீமை நிறுத்தச் சொன்னேன். கடுமையான ஸ்டீராய்டு அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவிடும். ஏற்கெனவே ஒளிந்திருக்கும் வைரஸுக்கு அது இன்னும் வசதி. கூடவே குழந்தைத் தோல் மெலிந்து போகும். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு திரும்ப வரும், பயந்து மறுபடி போட வேண்டாம் என்பதையும் சொல்லி வைத்தேன்.

அடுத்தது கரப்பான். குளியல் ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர், நார் கூடாது, மென்மையான சோப்பு, துவட்டும்போது ஒற்றியெடுக்க வேண்டும், ஈரம் காயும் முன்பே வெள்ளை பாரஃபின் களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். செதிலாகச் சிவந்திருந்த மடிப்புகளுக்கு மட்டும் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன், நாளுக்கு இரண்டு வேளை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு இன்னொரு ஸ்டீராய்டா என்று அம்மா கேட்டார். கேட்டது நல்லது. இது மிக மிதமானது, முத்துக்காக இல்லை, சுற்றியிருக்கும் அரிப்புக்காக. அரிப்பு நின்றால் சொறிவது நிற்கும், சொறிவது நின்றால் பரவுவது குறையும். முத்தின் உச்சியைத் தவிர்த்துச் சுற்றிப் பூசச் சொன்னேன். இராத்திரி சொறிவதைக் குறைக்க நகத்தை ஒட்ட வெட்டி, உள்ளங்கை மூடும் பருத்திச் சட்டை.

துண்டு தனி, தம்பியோடு ஒன்றாகக் குளிப்பது வேண்டாம். இமைக்குக் கீழே இருந்த முத்துக்காகக் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். இமை விளிம்பில் இருந்தால் அதிலிருந்து உதிர்வது கண்ணுக்குள் விழுந்து நாட்பட்ட கண் சிவப்பு வரும் என்பதுதான் கவலை. விளிம்பிலிருந்து தள்ளி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் சொன்னார்.

இரண்டே இரண்டு முத்துகளை மட்டும் எடுத்தோம். கழுத்துப் பின்புறம் யூனிஃபார்ம் காலர் உரசி அடிக்கடி இரத்தம் வந்த இடம் அது. மரத்துப்போகும் கிரீமை அளவாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, காத்திருந்து எடுத்தோம். உள்ளேயிருந்து பச்சரிசி நொய் போல வெள்ளைக் கரு வந்தது. வலி பெரிதாக இல்லை, ஆனாலும் கருவியைப் பார்த்ததுமே குழந்தை அழுதுவிட்டாள். மீதியை ஏன் விட்டுவைக்கிறேன் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம்

சர்டிபிகேட்டில் என்ன எழுதுவது என்பதும் ஒரு முடிவுதான். "குணமாகும் வரை ஓய்வு" என்று எழுதுவது எளிது. ஆனால் குணமாக ஒரு வருஷம் ஆகலாம் என்று தெரிந்துகொண்டே அப்படி எழுதினால் ஒன்றாம் வகுப்பே போய்விடும். பக்கத்தில் உட்காருவதாலோ, காற்றிலோ, ஒரே பெஞ்சைத் தொடுவதாலோ இது பரவுவதில்லை. முத்துகள் துணிக்குள் மறைந்திருந்தால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. அதனால் பள்ளிக்கு வரலாம், வர வேண்டும், முழுக்கைச் சட்டை போட அனுமதியுங்கள், திறந்த இடத்தில் இருப்பதை பிளாஸ்திரி ஒட்டி மூடுவார்கள், துண்டு கைக்குட்டை மட்டும் பகிர வேண்டாம் என்று எழுதினேன். தமிழிலேயே எழுதினேன், ஆசிரியை மற்ற பெற்றோர்களுக்கும் படித்துக்காட்டலாம் என்பதற்காக.

ஆசிரியையோடு போனிலும் பேசினேன். அவர் மோசமானவர் இல்லை. மற்ற பெற்றோர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்ற கவலைதான் அவருக்கு. என்ன சொல்லலாம் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். அதற்குள் குழந்தை ஏறக்குறைய இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டாள். திரும்பப் போனபோது விளையாட்டில் யாரும் கை கோர்க்கவில்லை என்று வந்து அழுதிருக்கிறாள். தோல் நோயில் இது எப்போதுமே பெரிய பாரம், மருந்துச் சீட்டில் எழுத முடியாத பாரம். ஆசிரியை தானே குழந்தையின் கையைப் பிடித்து வட்டத்தில் நின்று விளையாடியதாகப் பின்னால் அம்மா சொன்னார். அந்த ஒரு செயலுக்கு ஈடாக என் சர்டிபிகேட்டைச் சொல்ல முடியாது.

இடைப்பட்ட மாதங்கள்

ஜூலை முடிவதற்குள் கரப்பான் நன்றாக அடங்கிவிட்டது. ஆனால் முத்துகள் குறையவில்லை. செப்டம்பரில் எண்ணிப் பார்த்தபோது அறுபதை நெருங்கியிருந்தன. சொறிந்த கோடுகள் மட்டும் புதிதாக வரவில்லை. எண்ணிக்கை கூடும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் குடும்பம் பொறுத்துக்கொண்டது. சொல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பார்கள்.

இதற்கிடையில் அம்மாயி இரண்டு காரியம் செய்திருந்தார். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போய் உப்பும் மிளகும் போட்டு, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். அதில் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்க அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது, நல்லதுதான். இன்னொன்று, அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலை முத்துகளில் வைத்தது. பாலுண்ணிக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் மருந்து அது. வயிற்றில் வைத்த இடத்தில் கொஞ்சம் எரிந்து சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் செடியின் குடும்பத்துப் பால் கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும். இமைக்குக் கீழே இருக்கும் முத்தைக் காட்டி, இந்தப் பக்கம் மட்டும் கையே கொண்டுபோகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் எங்கேயும் வைக்கவில்லை என்றார். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் சேர்த்துச் சொன்னேன். அது தோலை வேகவைத்துவிடும், நோய் போன பிறகும் தழும்பு போகாது.

ஆகஸ்டில் தம்பிக்கும் வந்துவிட்டது, இடுப்பில் மூன்று. தனித் துண்டு வைத்தும் வந்ததே என்று அம்மா நொந்துகொண்டார். முன்பு சொன்ன அதே ஆய்வில், வீட்டில் இருக்கும் மற்ற குழந்தைகளுக்குப் பரவுவது பத்தில் நாலு என்ற அளவில் இருந்தது. தவிர, நார் நிறுத்துவதற்கு முன்பே தொற்றியிருக்கலாம், நாள் கணக்கு ஒத்துப்போகிறது. அவர் தவறு எதுவும் இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

சிவந்து வீங்கிய வாரம்

டிசம்பர் நடுவில் ஒரு காலை, கிளினிக் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். இரண்டு தொடையிலும் வயிற்றிலும் பதினைந்துக்கு மேற்பட்ட முத்துகள் ஒரே சமயத்தில் சிவந்து, வீங்கி, சிலவற்றின் உச்சியில் சீழ் மாதிரி மஞ்சளாக இருந்தன. முந்தின நாள் வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள், சீழ் பிடித்துவிட்டது, ஆன்டிபயாடிக் ஊசி ஐந்து நாள் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். போடுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தார்கள்.

காய்ச்சல் இல்லை. குழந்தை உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தொட்டால் லேசான வலி. சிவப்பு ஒவ்வொரு முத்தைச் சுற்றியும் ஒரு வளையமாக நின்றுவிட்டது, பக்கத்துத் தோலுக்குப் பரவவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை. ஒரே நாளில் இரண்டு தொடையிலும் வயிற்றிலும் இத்தனை இடங்களில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. எதிர்ப்பு சக்தி வைரஸைக் கண்டுபிடித்துவிட்டது என்றால்தான் இப்படி எல்லாம் ஒன்றாகச் சிவக்கும். முடிவின் தொடக்கம் என்று மருத்துவத்தில் இதைச் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. இடது முழங்காலுக்குப் பின்னால், சொறிந்து கிழிந்த ஒரு முத்தின் மேல் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி, அதைச் சுற்றிலும் கசிந்துகொண்டிருந்தது. அது நிஜமான பாக்டீரியாத் தொற்று. அதற்கு மட்டும் மியூபிரோசின் களிம்பு ஐந்து நாள். மற்றதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வேண்டாம் என்று சொல்வது அந்த அறையில் அவ்வளவு சுலபமாக இல்லை. அப்பா முதல்முறையாக அன்றுதான் வந்திருந்தார், இரவு ஷிப்ட் முடித்து நேராக. "ஊசி போட்டாத்தானுங்க அடங்கும், இப்படியே வுட்டா காலுக்குள்ள போயிராதுங்களா?" என்று கேட்டார். நான் பேனாவை எடுத்து, பெரிதாகச் சிவந்திருந்த மூன்று முத்துகளைச் சுற்றிக் கோடு வரைந்தேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், நடக்க முடியாமல் வலித்தால், குழந்தை சோர்ந்து படுத்தால், நடுராத்திரியாக இருந்தாலும் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் நாளை மறுநாள் காட்டுங்கள் என்றேன். கோடு வரைந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. காத்திரு என்பதைவிட எதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தேவையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் சிவப்பு கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. முழங்கால் புண் காயத் தொடங்கியிருந்தது.

என்ன ஆனது

அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் சிவந்தவை ஒவ்வொன்றாகப் பொருக்குத் தட்டி உதிர்ந்தன. சிவக்காமல் இருந்த முத்துகளும், கையிலும் விலாவிலும், சத்தமில்லாமல் சுருங்கிவிட்டன. பொங்கலுக்கு வந்தபோது பத்துக்கும் குறைவு, இமைக்குக் கீழே இருந்தது போயே போயிருந்தது. பிப்ரவரி கடைசியில் ஒன்றுகூட இல்லை. மே மாதத்தில் தொடங்கியதைக் கணக்கிட்டால் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல்.

மார்ச்சில் கடைசியாகப் பார்த்தபோது தொடையில் கறுத்த தடங்கள் இருந்தன, தோல் மட்டத்திலேயே, மங்கிக்கொண்டு வந்தன. சின்னக் குழித் தழும்பு மூன்று இடத்தில். கழுத்தில் நாங்கள் சுரண்டிய இரண்டும், முழங்காலுக்குப் பின்னால் புண்ணான ஒன்றும். நாங்கள் தொடாதவை அனேகமாகத் தடமே இல்லாமல் போயிருந்தன. முழங்கை மடிப்பில் அந்தக் கலவைக் கிரீம் போட்ட இடம் சற்று வெளுத்திருந்தது, அதுவும் மெதுவாகச் சரியாகி வருகிறது.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றி முதல் நாளே வாயால் சொல்லியிருந்தேன். ஆறு மாதம் கழித்து அது வந்தபோது யாருக்கும் நினைவில்லை, நினைவிருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. இப்போது ஒரு தாளில் படத்தோடு கொடுக்கிறோம். ஒரு பக்கம் சாதாரண முத்து, இன்னொரு பக்கம் சிவந்து வீங்கிய முத்து, அதற்குக் கீழே உடனே வர வேண்டிய அறிகுறிகள் பெரிய எழுத்தில். வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்கிறோம்.

முதல் சந்திப்பிலேயே வீட்டில் இருக்கும் எல்லா டியூப்பையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். பெயர் யாருக்கும் நினைவிருக்காது, டியூப்பைப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் யாரோ அவரும் வர வேண்டும் என்று கேட்கிறேன். இந்த வீட்டில் அம்மாயி வந்திராவிட்டால் நார் விஷயம் வெளியே வந்திருக்காது.

பள்ளிக்கான கடிதத்தைக் கேட்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது இன்னொரு மாற்றம். இந்தக் குழந்தை இழந்த இரண்டு வாரத்துக்கு மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை. காலர் உரசிய அந்த இரண்டு முத்துகளுக்கும் அடுத்த முறை முதலில் மென்மையான துணி ஒட்டிப் பார்ப்பேன், காலர் இல்லாத சட்டைக்குப் பள்ளியில் கேட்டுப் பார்ப்பேன், அதற்கும் அடங்காவிட்டால்தான் கருவி.

தம்பிக்கு இடுப்பிலும் முதுகிலும் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன. அவனுக்குக் கரப்பான் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் களிம்புகூடக் கொடுக்கவில்லை. ஜூனில் அவன் பால்வாடிக்குப் போகும் முன் ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், கடிதம் அப்போதே தயாராக இருக்கும்.